மேடத்துக்காக ஒரு சாட்சி

உட்காருங்க தம்பி. அந்தப் பையை நான் எடுத்துக்கறேன். புத்தகந்தான் உள்ள. இல்ல, விக்கிறதுக்கில்ல. டவுன் வரைக்குமா? நானும் அங்கதான் போறேன். ஒரு விசாரணை இருக்கு. எனக்கில்ல, எங்க ஊர் லைப்ரரி மேடத்துக்கு. நான் சாட்சி.

கோர்ட்டு கேசெல்லாம் இல்ல, டிபார்ட்மெண்ட் விசாரணை. மேடத்தை சஸ்பெண்ட் பண்ணி வச்சிருக்காங்க. இன்னைக்கு என்ன சொல்றோமோ அதை வச்சுத்தான் அவங்களுக்கு வேலை திரும்பக் கிடைக்குமா இல்லையான்னு எழுதுவாங்களாம். புத்தகம் எடுக்க ஊரே வந்துச்சு. சாட்சி சொல்ல வாங்கன்னா ஒருத்தனும் வரல. ஒருத்தனுக்கு மாட்டுக்கு உடம்பு சரியில்ல, இன்னொருத்தனுக்கு சம்பந்தி வீட்டுல இருந்து ஆள் வர்றாங்க. போகட்டும். நான் ஒருத்தன் போதும். வாசகர் வட்டத் தலைவர் நான்தானே.

வாசகர் வட்டம்னா லைப்ரரிக்கு வந்து போறவங்க சேர்ந்து வச்சுக்கற சங்கம். லைப்ரரிக்கு ஒண்ணுன்னா நாங்க போய் நிப்போம். விழா எடுப்போம், மனு கொடுப்போம், அதிகாரி வந்தா பொன்னாடை போடுவோம். பூவனேரிக் கிளை நூலகத்துக்கு நான் தலைவராகி ரொம்ப நாளாச்சு. எலெக்‌ஷன் வச்செல்லாம் இல்ல. முன்னாடி தலைவரா இருந்த வாத்தியார், தன் மகன் வீட்டோட போயிட்டாரு. ‘துரைக்கண்ணு அண்ணன் பகல் பூரா இங்கதானே உட்கார்ந்திருக்காரு, அவரே இருக்கட்டும்’னு என்னைப் போட்டுட்டாங்க. எனக்குக் குரலும் நல்லா எடுக்கும். அது ஒரு காரணம்.

குரல் தொழில்ல வந்தது. நான் கண்டக்டர். இதே ரூட்டுல பாதி சர்வீஸ் ஓடியிருக்கேன். அந்தா டிக்கெட் கொடுத்துட்டு வர்றானே, அவன் எங்கிட்டப் பழகினவன். என்கிட்ட டிக்கெட் கேக்கமாட்டான். ரிட்டயர் ஆனவங்களுக்குப் பாஸ் இருக்கு, அதையும் கேக்கமாட்டான்.

படிப்பீங்களான்னு கேக்கறீங்க. பேப்பர் படிப்பேன். புத்தகம் ஒண்ணு ரெண்டு புரட்டியிருக்கேன், எதையும் முடிச்சதில்ல. தலைவரா இருக்கறதுக்கு அது தேவைப்படல தம்பி.

நான் லைப்ரரிக்குப் போனதே எங்க வீட்டுல அவ தவறினப்புறம்தான். காலையில எந்திரிச்சு, குளிச்சு, மெஸ்ஸுல ரெண்டு இட்லி சாப்பிட்டா அதுக்கப்புறம் பகல் நகரவே நகராது. ஒருநாள் வெயிலுக்கு ஒதுங்கினேன். ஜன்னல் ஓரம் ஒரு நாற்காலி, மேல ஒரு ஃபேன். மேடம் ஒரு வார்த்தை கேக்கல. யாரு, எந்தத் தெரு, எதுக்கு வந்தீங்க, ஒண்ணும் இல்ல. பேப்பரைக் கொண்டாந்து முன்னாடி வச்சுட்டுப் போயிட்டாங்க. மறுநாளும் போனேன். அந்த நாற்காலியில வேற யாராவது உட்கார்ந்தா, ‘அது ஐயா வர்ற நேரம்’னு அவங்களே எழுப்பி விட்டுருவாங்க. நான் கேட்டுக்கிட்டதில்ல.

ஒண்ணு சொல்லணும். அவ போனதுல இருந்து எனக்கு எதுவும் உறைக்கிறதில்ல. சாப்பாட்டுல காரம் போட்டாலும் உறைக்கல, தெருவுல சாவு விழுந்தாலும் உறைக்கல. கோபம் வரமாட்டேங்குது. அழுகையும் வரமாட்டேங்குது. டாக்டர்கிட்ட கேட்டேன், வயசுன்னாரு. இருக்கும். மேடத்துக்கு இப்படி ஆனப்பகூட எனக்கு ஒண்ணும் ஆகல பாருங்க. வீட்டுக்குப் போய் படுத்தேன், தூக்கம் வந்துருச்சு.

பேரா? தமயந்தி. நாங்க மேடம்னுதான் கூப்பிடுவோம். நல்ல மனுஷி, சத்தமே வராது. பூட்டைத் திறக்கறதும் அவங்கதான், கூட்டறதும் அவங்கதான், அட்டை பிஞ்ச புத்தகத்துக்குப் பசை தடவறதும் அவங்கதான். பக்கத்து ஊர்ல இருக்கற லைப்ரரிக்கும் ஆள் இல்லைன்னு அதையும் இவங்க தலையிலயே கட்டியிருந்தாங்க. சாயங்காலம் இங்க பூட்டிட்டு அங்க ஓடுவாங்க. அவங்க வீடு எந்தத் தெருன்னு எனக்குத் தெரியாது. ஒரு பொண்ணு படிக்குது. வீட்டுக்காரர் இருக்காரா இல்லையான்னு நான் கேட்டதில்ல. அவங்க என்னைக் கேக்கலை இல்ல, அப்ப நானும் கேக்கக் கூடாது.

இதெல்லாம் நல்லா போயிக்கிட்டிருந்துச்சு. அப்பத்தான் டீக்கடையில ஒரு பேச்சு வந்துச்சு. ஆள் வராத லைப்ரரியெல்லாம் கணக்கெடுக்கறாங்களாம், புழக்கம் இல்லாததைப் பகுதி நேரமா ஆக்கிருவாங்களாம். பகுதி நேரம்னா சாயங்காலம் கொஞ்ச நேரம் திறந்து மூடறது. பகல்ல பூட்டிக் கிடக்கும்.

எனக்கு ரூட்டு ஞாபகம் வந்துருச்சு தம்பி. முன்னாடியெல்லாம் ஏரிக்கரை தாண்டி ஒரு ஊருக்கு நம்ம வண்டி போய்ட்டிருந்துச்சு. ஆள் கம்மி. நாலு கிழவிங்க, ஒரு கூடை கத்திரிக்கா, அவ்வளவுதான் வண்டியில இருக்கும். நான் மேல எழுதிக் கொடுத்தேன், அந்த ஊர்க்காரங்களும் எழுதிக் கொடுத்தாங்க. ஒண்ணும் நடக்கல. ஒரு திங்கக்கிழமை காலையில டிப்போவுக்குப் போனா ரூட்டு போர்டுல அந்த ஊர் பேரே இல்ல. அந்தக் கிழவிங்க ரொம்ப நாள் ரோட்டுல வந்து நின்னாங்களாம். ஆள் ஏறலைன்னா வண்டி இல்ல, இதுதான் சர்க்காரு. இதை நான் கண்ணால பார்த்தவன்.

மேடம்கிட்ட போய் விவரத்தைச் சொன்னேன். ‘அது வெறும் பேச்சுங்க ஐயா, வருஷா வருஷம் வர்ற ஆய்வுதான் வருது, நம்ம லைப்ரரியில புழக்கம் நல்லாத்தான் இருக்கு’ன்னாங்க. அவங்க அப்படித்தான், எதுக்கும் பதற மாட்டாங்க. நம்மதான் பதறணும்.

வட்டத்தைக் கூட்டினேன். வெள்ளிக்கிழமை, லைப்ரரிக்கு வார லீவு, அங்கயே. மேடம் லீவு நாள்ல வந்து திறந்துவிட்டாங்க. ஆய்வுக்கு வர்ற அதிகாரிகிட்ட ஒரு மனு கொடுக்கலாம்னு முடிவு. என்னென்ன கேக்கலாம்னு பேசினோம். நுழைவாயில்ல ஒரு வளைவு, ஒரு கூட்ட அரங்கம், நூலக வார விழாவுக்கு மேடை. மேடத்தையும் கேட்டோம், உங்களுக்கு ஏதாவது சேர்க்கணுமா மேடம்னு. அவங்க, ‘ஒரு கழிவறை வேணுங்க ஐயா, எதிர்ல தையக்காரம்மா வீட்டுக்குத்தான் போயிட்டிருக்கேன், அவங்க ஊருக்குப் போயிட்டா கஷ்டமா இருக்கு’ன்னாங்க. கூரை ஒழுகறதையும் சொன்னாங்க. கூட்டறதுக்கு ஒரு ஆள் கேட்டாங்க.

நான் எழுதிக்கிட்டேன். அப்புறம் நல்ல தாள்ல எழுதறப்ப விட்டுட்டேன். ஒரு ஊரோட அறிவு வளர்ச்சின்னு ஆரம்பிச்சிருக்கோம், நடுவுல கக்கூஸ்னு வந்தா நல்லாவா இருக்கும்? மனுவுக்கு ஒரு களை இருக்குல்ல. பின்னாடி தனியாக் கேட்டுக்கலாம்னு இருந்தேன்.

மனு இருக்கட்டும், மனு கொடுத்து எந்த ரூட்டும் தப்பிச்சதில்ல. ஆள் ஏறணும். அதுக்குத்தான் யோசனை சொன்னேன். ஆய்வு வர்ற வாரத்துல ஊரே வந்து புத்தகம் எடுக்கணும். எந்த வீட்டுலயும் புத்தகம் இல்லைன்னு இருக்கக் கூடாது. அதிகாரி வந்து பார்த்தா, இந்த மாவட்டத்துலயே இப்படி ஒரு புழக்கம் எங்கயும் இல்லைன்னு எழுதிட்டுப் போகணும். எல்லாரும் கை தட்டினாங்க.

மேடம் மட்டும், ‘வேண்டாங்க ஐயா’ன்னாங்க. ‘ஒரு கார்டுக்கு இத்தனை புத்தகம்னு இருக்கு. கார்டு இல்லாதவங்களுக்குக் கொடுக்க முடியாது. அலமாரி காலியா இருந்தா வர்றவங்க என்ன நினைப்பாங்க’ன்னாங்க. அவங்க அடக்கம் அது. தன்னால ஒரு பெருமை வருதுன்னா ஒதுங்கி நிக்கற ஆளு. நான், ‘நீங்க பேசாம இருங்க மேடம், உங்களுக்காகத்தான் செய்யறோம்’னேன். அவங்களும் பேசாம இருந்துட்டாங்க.

ஆட்டோவுல மைக் கட்டினோம். நானே பேசினேன். வாங்க, வந்து புத்தகம் எடுங்க, நம்ம லைப்ரரியைக் காப்பாத்துங்கன்னு ஊரைச் சுத்தி வந்தேன். சந்தை நாள் அன்னைக்கு வரச் சொல்லியிருந்தோம். மறுநாள் ஆய்வு.

இந்த இடத்துல வண்டி கொஞ்சம் தூக்கிப் போடும், கம்பியைப் பிடிச்சுக்கங்க. ரோடு அப்பவும் இப்படித்தான்.

சந்தை நாள் நான் காலையிலயே போயிட்டேன். மேடம் திறந்து, கூட்டி, மேஜையைத் தொடைச்சாங்க. கொஞ்ச நேரம் கழிச்சு எதிர்வீட்டுக்குப் போனாங்க. அவங்க அந்தப் பக்கம் போகவும் கூட்டம் இந்தப் பக்கம் வரவும் சரியா இருந்துச்சு. சந்தைக்கு வந்த ஜனம் பூராவும் கூடையும் பையுமா உள்ள வந்துருச்சு. நமக்குக் கூட்டத்தைப் பார்த்தா கை சும்மா இருக்குமா? மேடத்தோட நாற்காலியில உட்கார்ந்தேன். ஒவ்வொருத்தனா எழுதிக்கிட்டிருந்தா சாயங்காலம் ஆயிரும். உள்ள போங்க, உள்ள போங்க, எடுத்தவங்க அந்த வாசல் வழியா இறங்குங்கன்னு சத்தம் போட்டேன். அலமாரியில இருந்து எடுத்து எடுத்துக் கையில கொடுத்தேன். எழுதறதைப் பின்னாடி பார்த்துக்கலாம்.

மேடம் திரும்பி வந்தப்ப வாசல்லயே நின்னுட்டாங்க. உள்ள வர வழியில்ல. ‘ஐயா, நிறுத்துங்க, ஐயா’ன்னு ரெண்டு மூணு தடவை கூப்பிட்டாங்கன்னு அப்புறம் சொன்னாங்க. சத்தத்துல எனக்கு என்ன தெரியும்? எப்படியோ உள்ள வந்து, ஒரு மூலையில நின்னுக்கிட்டு, போறவங்களை நிறுத்தி நிறுத்திப் பேர் கேட்டு எழுதினாங்க. அவங்க ஒருத்தர் பேரை எழுதறதுக்குள்ள பத்துப் பேர் போயிருவாங்க. சேலை முந்தானையை இழுத்துச் சொருகிக்கிட்டு எழுதினாங்க, பாவம். அன்னைக்கு அவங்க மதியம் சாப்பிடல.

எனக்கு அன்னைக்கு எப்படி இருந்துச்சு தெரியுமா? உசிரு வந்த மாதிரி இருந்துச்சு. அவ போனப்புறம் அன்னைக்கு ஒரு நாள்தான் நான் நல்லா இருந்தேன். வீட்டுக்குப் போறப்ப பசிச்சுச்சு. மெஸ்ஸுல மீன் குழம்பு கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன், காரம் உறைச்சுச்சு. சந்தோஷமா இருந்தேன் தம்பி. இதை யார்கிட்டயும் சொன்னதில்ல.

மறுநாள் அதிகாரி வந்தாரு. வாசல்ல நாங்க வரிசையா நின்னோம். பொன்னாடை போட்டேன். நல்ல மனுஷன், கையெடுத்துக் கும்பிட்டாரு. உள்ள போனாரு. அலமாரியெல்லாம் துடைச்சு விட்டாப்ல இருந்துச்சு. அடியில பழைய அரசிதழ்க் கட்டு, கரையான் அரிச்ச ஒரு அகராதி, ஒரு பல்லி. அவர் ஒவ்வொரு அலமாரியா நடந்து போயிப் பார்த்தாரு. பல்லி ஓடிப் போயிருச்சு.

‘புத்தகமெல்லாம் எங்கம்மா?’ன்னாரு. மேடம் வாயைத் திறக்கறதுக்குள்ள நான் சொன்னேன், ‘எல்லாம் வெளிய போயிருக்குங்க ஐயா, ஊரே படிக்குது’ன்னு. அவர் என்னைப் பார்க்கல. ‘பதிவு எங்கம்மா?’ன்னாரு. மேடம் எழுதினதைக் காமிச்சாங்க. பாதி பேருக்கு வீட்டு விலாசம் இல்ல, முக்கால்வாசி புத்தகத்துக்கு எழுத்தே இல்ல. அவர் நாற்காலியில உட்கார்ந்தாரு. போட்டிருந்த பொன்னாடையைக் கழட்டி மடிச்சு மேஜை மேல வச்சாரு. மனுவைக் கொடுத்தேன், வாங்கிக்கிட்டாரு. படிச்சாரான்னு தெரியல.

புத்தகமெல்லாம் நாலு நாள்ல திரும்பிரும்னு நினைச்சோம், திரும்பல. எழுதி வாங்காம கையில கொடுத்தா ஜனங்க எதையும் இனாம்னுதான் நினைக்கும், எலெக்‌ஷனுக்கு வேட்டி சேலை கொடுக்கறதில்லையா, அந்த மாதிரி. எங்க தெருவுல ஒருத்தன் மகளுக்குக் கல்யாணம் வச்சிருந்தான். இப்பல்லாம் தாம்பூலப் பையில தேங்காய்க்குப் பதிலா புத்தகம் போட்டுக் கொடுக்கறாங்க இல்ல? அவன் வீட்டாளுங்க எல்லாரையும் வரிசையில நிக்க வச்சு அள்ளிக்கிட்டுப் போயி, வெத்தலை பாக்கோட வச்சுக் கொடுத்துட்டான். வந்தவங்க எந்த எந்த ஊர்னு யாருக்குத் தெரியும்? கேட்டா, ‘புத்தகத்தைப் பரப்பணும்னு நீங்கதானே அண்ணே மைக்குல சொன்னீங்க’ங்கறான். சொன்னேந்தான்.

இப்ப லைப்ரரி பூட்டியிருக்கு. இருப்புச் சரிபார்க்கற வரைக்கும் திறக்கமாட்டாங்களாம். கதவுல ஒரு தாள் ஒட்டியிருக்கு. நான் படிக்கட்டுல போய் உட்கார்றேன். பேப்பரை டீக்கடையில வாங்கிக்குவேன். ஜன்னல் வழியா பார்த்தா என் நாற்காலி தெரியும். ஃபேன் நின்னு போயிருக்கும். பூட்டின லைப்ரரிக்கும் பேரு முழு நேர லைப்ரரிதான், பகுதி நேரமா ஆக்கல. அந்த மட்டுக்கு நாங்க ஜெயிச்சோம்னு வட்டத்துல சொன்னேன். ஒவ்வொருத்தரா எந்திரிச்சுப் போயிட்டாங்க.

இந்தப் பையில இருக்கறது நான் வீடு வீடாப் போயித் திருப்பி வாங்கினது. கொஞ்சந்தான் வந்துச்சு. மேடம்கிட்ட கொடுக்கணும், இல்லைன்னா ஆபீஸ்ல கொடுக்கணும். யார்கிட்ட கொடுக்கறதுன்னு தெரியல.

போன வாரம் மேடம் என் வீட்டுக்கு வந்தாங்க. அதுதான் முதல் தடவை. என் வீடு அவங்களுக்குத் தெரிஞ்சிருக்கு, பாருங்க. கூட அவங்க பொண்ணு. பன்னெண்டாவது படிக்குதாம். உள்ள வாம்மான்னா வரல, கேட்டுக்கு வெளியவே நின்னுக்கிட்டு என்னைப் பார்த்துக்கிட்டிருந்துச்சு. கண்ணை எடுக்கல. அம்மாவுக்காக இவ்வளவு செஞ்சவராச்சேன்னு ஒரு மரியாதையா இருக்கும்.

மேடம் நின்னுக்கிட்டேதான் பேசினாங்க. இளைச்சுப் போயிட்டாங்க. ‘ஐயா, நடந்ததை நடந்தபடி சொல்லுங்க. எனக்கு அது போதும். நான் வேண்டாம்னு சொன்னேன், நான் உள்ள இல்லாத நேரத்துல ஆரம்பிச்சது, நான் நிறுத்தப் பார்த்தேன். இந்த மூணும் நிஜந்தானே? இதை உங்களைத் தவிர சொல்றதுக்கு ஆள் இல்ல’ன்னாங்க. சரி மேடம்னேன். வாசல் வரைக்கும் போயிட்டுத் திரும்பி வந்து இன்னொரு தடவை அதையே சொன்னாங்க. இன்னைக்குக் காலையில போன் பண்ணியும் அதையேதான் சொன்னாங்க. ‘ஐயா, இந்தச் சம்பளத்துலதான் நானும் பொண்ணும் இருக்கோம்’னாங்க.

நான் ராத்திரியெல்லாம் படுத்துக்கிட்டு யோசிக்கற ஆளில்ல. பகல்ல யோசிச்சேன், படிக்கட்டுல உட்கார்ந்து. அவங்க சொல்றது விவரம் இல்லாத பேச்சு தம்பி. பாவம், அவங்களுக்கு விசாரணைன்னா என்னன்னு தெரியாது. எனக்குத் தெரியும்.

எங்க டிப்போவுல சிவஞானம்னு ஒருத்தன் இருந்தான். செக்கிங் ஏறினப்ப வண்டியில டிக்கெட் இல்லாத ஆளுங்க. அவன் என்ன சொன்னான்? ‘நான் கீழ டீ குடிக்க இறங்கினேங்க, அதுக்குள்ள கூட்டம் ஏறிருச்சு.’ நிஜமும் அதுதான். ஆனா அதிகாரி என்ன கேட்பான்? ‘டியூட்டி நேரத்துல வண்டியை விட்டு நீ எதுக்கு இறங்கினே?’ அதோட போச்சு அவன் வேலை. கடைசியில லாட்ஜுல வாட்ச்மேனா இருந்தான். அதே மாதிரி நான் ஒருதடவை மாட்டினேன். நான் என்ன சொன்னேன்? ‘எல்லாம் என் பொறுப்புங்க ஐயா, என் வண்டி, நான்தான்’னேன். எச்சரிக்கை கொடுத்து விட்டுட்டாங்க. நிமிர்ந்து நிக்கறவனை யாரும் ஒண்ணும் பண்ணமாட்டாங்க.

இப்ப நான் போயி, மேடம் அந்த நேரத்துல உள்ள இல்லைங்கன்னு சொன்னா என்ன ஆகும்? எங்க போனாங்கன்னு கேப்பாங்க. ஒரு பொம்பளை எதுக்கு எதிர்வீட்டுக்குப் போனாங்கன்னு நாலு ஆம்பளைங்க உட்கார்ந்திருக்கற இடத்துல நான் எப்படிச் சொல்றது? மரியாதையா இருக்குமா? அதை நான் சொல்லவே மாட்டேன்.

அடுத்தது, அவங்க வேண்டாம்னாங்க, நான்தான் செஞ்சேன்னு சொல்லணுமாம். யோசிச்சுப் பாருங்க. அந்த மாதிரி ஒரு கூட்டம் அந்த லைப்ரரியில அதுக்கு முன்னாடியும் இல்ல, இனிமேலும் வராது. அதை நான் செஞ்சேன், நான் செஞ்சேன்னு மார் தட்டறதா? வருஷக்கணக்கா தூசியில நின்னவங்க அவங்க. பேர் எனக்கா? நான் அப்படிப்பட்ட ஆள் இல்ல தம்பி. எனக்கு விளம்பரம் பிடிக்காது.

அதனால முடிவு பண்ணிட்டேன். ‘ஐயா, இந்த ஏற்பாடு அத்தனையும் மேடத்தோட முயற்சி. அவங்கதான் முன்னால நின்னு ஊரைக் கூப்பிட்டாங்க. அவங்கதான் அலமாரியைத் திறந்துவிட்டாங்க. நாங்கெல்லாம் சும்மா கூட நின்னவங்க. இப்படி ஒரு நூலகர் கிடைக்கறதுக்கு ஊர் கொடுத்து வச்சிருக்கணும்.’ இதைத்தான் சொல்லப் போறேன். கண்ணாடி முன்னாடி நின்னு சொல்லிப் பார்த்தேன். நல்லா வந்துச்சு.

என்ன தம்பி? அப்படிச் சொன்னா எல்லாம் அவங்க மேலதானே வரும்னு கேக்கறீங்களா? ஆமா, அவங்க மேலதான் வரணும். வேற யார் மேல வரணும்? பெருமைன்னு வந்தா அது அவங்களைத்தான் சேரணும்.

இல்ல, நீங்க சொல்றது காதுல விழுந்துச்சு. நல்லாவே விழுந்துச்சு. அவங்க சொல்லிக்கொடுத்த மாதிரியே சொல்லிருங்கன்னு சொல்றீங்க. சொல்லிக்கொடுத்ததைச் சொன்னா, கூட்டிக்கிட்டு வந்த சாட்சின்னு ஒரு நொடியில கண்டுபிடிச்சிருவாங்க தம்பி. நீங்க சின்னப் பிள்ளை, ஆபீஸ் விவகாரம் பார்த்திருக்க மாட்டீங்க. நீங்க எதுக்கு இப்படிக் கையைப் பிடிக்கறீங்க? விடுங்க, பரவாயில்ல. நல்ல மனசு உங்களுக்கு.

சொல்றேன்ல, எனக்குப் பதட்டமே இல்ல. கல்லு மாதிரி இருக்கேன். சாட்சி சொல்றவன் அப்படித்தான் இருக்கணும்.

அந்தா, மரத்தடியில நிக்கறாங்க பாருங்க, பச்சை சேலை, அவங்கதான். பஸ் பஸ்ஸாப் பார்த்துக்கிட்டு நிக்கறாங்க, நான் வர்றனா இல்லையான்னு. என்னைப் பார்த்துட்டாங்க. கும்பிடறாங்க பாருங்க, ரோட்டுல நின்னுக்கிட்டு. அவங்க என்கிட்ட இதுவரைக்கும் எதுவுமே கேட்டதில்ல தம்பி. வாயைத் திறந்து கேட்டது இது ஒண்ணுதான். கொஞ்சம் காலை நகர்த்துங்க, செஞ்சு கொடுத்துட்டு வந்துர்றேன்.